பரணில் கிடக்கும் போர்க்காலம்

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கு. சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்ற ‘எம்டன்’ என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சுடத் தொடங்கியது. அதன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் குறிவைத்தது, கரையோரம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை. அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் விழுந்தன. தொட்டிகள் பற்றி எரிய, எம்டன் விளக்கை அணைத்துக்கொண்டு இருட்டில் மறைந்தது. இறந்தவர்கள் சிலர்தான் என்றாலும் ஊரே கிலியில் உறைந்தது.

எரியும் தொட்டிகளைக் காட்டும் புகைப்படம் இன்றும் நூல்களில் அச்சாகிறது. உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவரில் அந்த இரவைக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது. ஆனால் படத்தில் தெரிவது தீயும் புகையும் மட்டுமே. மூட்டை முடிச்சோடு உள்நாட்டுக்குக் கிளம்பிய குடும்பங்களை அதில் பார்க்க முடியாது.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து அதே கிலி திரும்பி வந்தது. இரண்டாம் உலகப் போரில், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அடுத்தது சென்னைதான் என்று எல்லோரும் நம்பினார்கள். அத்தியாவசிய வேலை இல்லாதவர்கள் நகரத்தை விட்டுப் போகலாம் என்று அரசே சொன்னது. ரயில் நிலையங்களில் கால் வைக்க இடமில்லை. அரசு அலுவலகங்கள் ஊட்டிக்கும் வேறு ஊர்களுக்கும் மாற்றப்பட்டன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் படையெடுப்பு வரவில்லை. 1943 அக்டோபரில் ஒரே ஒரு ஜப்பானிய விமானம் துறைமுகப் பக்கம் குண்டு வீசிவிட்டுப் போனதோடு சரி.

இந்தக் கதையில் மனதை விட்டு அகலாத ஒரு பகுதி உண்டு. எழும்பூரில் இருந்த சென்னை ஆவணக் காப்பகம், அதாவது இன்றைய தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தன் பழைய ஏடுகளைச் சித்தூர்ப் பக்கம் அனுப்பிவைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துக் கடிதங்களும் மக்களைப் போலவே ஊரை விட்டுக் கிளம்பின. இன்றும் ஆய்வாளர்கள் அவற்றைப் புரட்ட முடிகிறது.

அரசின் காகிதத்தை அரசு காப்பாற்றியது. வீடுகளின் காகிதத்தை யார் காப்பாற்றுவது?

கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஆரணி போன்ற பட்டு நெசவு ஊருக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். பட்டு நெய்யும் ஊர்களுக்குப் போர் நூல் வழியாக வந்தது. போருக்கு முன் இந்தியத் தறிகளுக்குச் சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கச்சாப் பட்டு இறக்குமதியானது. ஜப்பான் எதிரி நாடானதும் அந்த வரத்து நின்றது. உள்நாட்டில் விளைந்த பட்டுக்கும் போட்டி வந்தது. பாராசூட் தைக்கப் பட்டுத் துணி வேண்டும் என்பதால் மைசூர், காஷ்மீர்ப் பட்டு போர்த் தேவைக்குத் திருப்பப்பட்டது. பாவுக்கும் ஊடைக்கும் நூல் கிடைக்காத தறியில் நெசவாளிக்குக் கூலி ஏது? அந்த வருடங்களில் என்ன விலைக்கு நூல் வாங்கினார்கள், எத்தனை தறி நின்றது, யார் கடன் கொடுத்தார் என்பதைப் போர்த் தளபதிகளின் நினைவுக் குறிப்புகள் சொல்லாது. நூல் வாங்கி நெய்யக் கொடுத்தவர்களின் கணக்கு நோட்டுகள் சொல்லும்.

ஆரணி இருந்த பழைய வட ஆற்காடு மாவட்டத்திலேயே இன்னொரு சான்று உண்டு. முதல் உலகப் போருக்கு ஊரிலிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் உயிரிழந்தார்கள் என்பதை வேலூர் மணிக்கூண்டில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக ஆண்கள் ராணுவத்தில் சேர்ந்ததால் அதை ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைக்கிறார்கள். கல் தருவது எண்ணிக்கையை. அந்த எண்ணிக்கைக்குள் இருந்தவர்களின் முகம், சீருடையில் எடுத்த குழுப் படத்திலும், தணிக்கை முத்திரை விழுந்த கடிதத்திலும், பென்ஷன் புத்தகத்திலும் இருக்கும். 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே திரும்பிய தமிழ்க் குடும்பங்களிடமும் இப்படிக் காகிதங்கள் இருக்கக்கூடும்.

பரணில் டிரங்குப் பெட்டி இருந்தால், பழைய தாள் என்று கடையில் எடைக்குப் போடும் முன் ஒரு முறை திறந்து பாருங்கள். ரேஷன் அட்டை, விமானத் தாக்குதல் எச்சரிக்கை நோட்டீஸ், நூல் கணக்கு எது கிடைத்தாலும் எறிய வேண்டாம். லேமினேட் செய்யாதீர்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள். இரண்டும் காகிதத்தைக் கெடுக்கும். படத்தில் இருப்பவர் யார், எந்த வருடம் என்பதை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, படத்தின் பின்புறம் மென்மையாகப் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை ஊறிவிடும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் பழைய தமிழ் அச்சுப் பொருள்களைச் சேர்த்துப் பாதுகாத்து வருகின்றன. அந்தக் காலத்து நாளிதழும் துண்டறிக்கையும் அங்கே கிடைக்கலாம். 1943இல் ஓர் ஆரணித் தறிக்கு நூல் எப்படி வந்தது என்ற கணக்கு, ஆரணி வீடுகளில்தான் இருக்கும்.