குத்தாலத்துக்கு ஒரு ஸ்தலப் பத்திரிகை

மேட்டூர் அணையை ஜூன் 12-ந் தேதி திறப்பது வழக்கம். 2022-ல் மே 24-ந் தேதியே திறந்தார்கள். 2023-ல் வழக்கம் தவறவில்லை. 2024-லோ ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. இச்செய்திகளையெல்லாம் தினசரிகள் கொட்டை எழுத்துக்களில் பிரசுரித்தன. ஆனால், குத்தாலம் தாலூகாவில் நாற்றங்கால் விடக் காத்திருக்கும் குடியானவருக்கு அவ்வளவு மட்டும் போதாது. கல்லணைக்கு மூன்று நான்கு நாளில் வந்து சேரும் தண்ணீர் தம் ஊர் வாய்க்காலில் என்றைக்குத் தலைகாட்டும்? அதற்குள் தூர் வாரும் வேலை முடியுமா? முறை வைத்தால் தமது முறை எந்தக் கிழமை? அவருக்கு வேண்டியவை இவையே. இவற்றை எழுத எந்தத் தினசரிக்கு இடமிருக்கிறது?

தினசரிகளைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. மயிலாடுதுறைக்கு மேற்கே சுமார் பத்துக் கிலோமீட்டரில், காவிரிக் கரையில், கும்பகோணம் ரயில் பாதையில் உள்ள பேரூர் குத்தாலம். தேவாரம் பாடியவர்கள் திருத்துருத்தி என்றழைத்த ஸ்தலம். ஆயினும், பெயரைக் கேட்டவுடன் அருவியைப் பற்றி விசாரிக்கிறவர்கள் இன்றும் உண்டு! 2020-ல் மயிலாடுதுறை தனி ஜில்லாவான பிறகும், திருவிழா, விபத்து, மந்திரி விஜயம் இம்மூன்றில் ஒன்று நேர்ந்தாலொழிய இவ்வூர் பத்திரிகையில் அதிகம் இடம் பெறுவதில்லை. மாகாணம் முழுவதையும் பார்க்க வேண்டிய பத்திரிகை ஒரு வாய்க்காலை எப்படிப் பார்க்கும்?

சென்னையில் இதற்கு வழி கண்டார்கள். மயிலாப்பூரில் 1994-ல் வின்சென்ட் டிஸோஸா என்ற பத்திரிகையாளர் 'மயிலாப்பூர் டைம்ஸ்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். விலை கிடையாது, வீடு தேடி வரும், செலவு விளம்பரத்தைச் சேர்ந்தது. உலக விவகாரம் அதில் இல்லை. எந்தத் தெருவில் சாக்கடை வழிகிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் விழா, யார் வீடு வாடகைக்கு விடப்படும், இவைதான் அதன் விஷயங்கள். மாட வீதியில் கோலப் போட்டி நடத்தவும் அப்பத்திரிகை முன்வந்தது. 1991-ல் எஸ். முத்தையா ஆரம்பித்த 'மெட்ராஸ் மியூஸிங்ஸ்' நகரத்தின் பழைய கட்டிடங்களுக்காக வாதாடியது. இவ்விருவரும் நண்பர்களும் சேர்ந்து 2004-ல் தொடங்கியதே ஆகஸ்டு 22-ந் தேதி கொண்டாடப்படும் சென்னை தினம். தெருச் செய்தியில் ஆரம்பித்தவர்கள் நகரத்துக்கே ஒரு பண்டிகையைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு குறை மட்டும் உண்டு. இரண்டும் ஆங்கிலப் பத்திரிகைகள். கற்பகாம்பாள் சந்நிதித் தெருவின் செய்தியை ஆங்கிலத்தில் வாசிப்பது விசித்திரந்தான். சுதேசமித்திரனை 1882-ல் தமிழில் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர் திருவையாற்றில் பிறந்தவர். அவருடைய காவிரிக் கரையில் ஸ்தலப் பத்திரிகை தமிழிலன்றி வேறெதில் நடக்கும்?

குத்தாலத்தில் அத்தகைய பத்திரிகைக்கு விஷயப் பஞ்சம் ஏற்படாது. அறுவடைக் காலத்தை எடுத்துக்கொள்வோம். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேற்படலாகாது என்பது பொது விதி. மழை பெய்த ஆண்டுகளில் மத்திய சர்க்காரிடம் கேட்டுத் தளர்வு பெறுகிறார்கள். அந்த உத்தரவு வந்துவிட்டதா, எந்த நிலையம் திறந்திருக்கிறது, எங்கே சாக்கு இல்லை, எங்கே மூட்டைகள் நனைகின்றன என்பதை வாராவாரம் ஊர்ப்பெயருடன் அச்சிட்டால், களத்தில் நெல்லைக் கொட்டி வைத்துக் காவல் இருப்பவருக்கு அதைவிட உபகாரம் வேறில்லை. உத்தியோகஸ்தர்களுக்கும் அது கசப்பான மருந்தாக இருந்து குணம் செய்யும்.

அண்டையிலுள்ள கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30-ந் தேதி எண்ணெய்க் குழாய் கசிந்து, ஜனங்கள் மறியல் செய்து, தடியடியும் கைதும் நடந்த பிறகே அவ்வூரின் பெயர் மாகாணமெங்கும் பரவிற்று. குழாய் யார் வயலில் போகிறது, எப்போது பரிசோதித்தார்கள் என்ற கேள்விகளை அமைதியான நாளில் கேட்கவேண்டியவர் யார்? கிராம சபை கூடும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தினங்களில் என்ன தீர்மானம் நிறைவேறிற்று, அடுத்த சபைக்குள் அது என்னவாயிற்று என்று கணக்கு வைப்பவர் யார்? 2005-ம் வருஷத் தகவல் உரிமைச் சட்டம் எல்லோருக்கும் பொதுவானதுதான். ஆனால் மனுப்போட்டு, முப்பது நாள் காத்திருந்து, கிடைத்த பதிலை ஊரார் அறியச் செய்ய ஒரு பத்திரிகை வேண்டும்.

அமெரிக்காவில் 2005-க்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பத்திரிகைகள் மறைந்துவிட்டன. ஊர்ப் பத்திரிகை மூடப்பட்ட இடங்களில் ஸ்தல ஸ்தாபனங்கள் வாங்கும் கடனுக்கு வட்டி ஏறியிருப்பதை அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். கணக்கைக் கேட்பாரில்லாத ஊருக்குக் கடன் கொடுப்பவனும் பயப்படுகிறான்.

கைக்குக் கை டெலிபோன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்கலாம். வாட்ஸ்அப்பில் செய்தி நொடியில் வருகிறதென்பது உண்மையே. வெள்ளம் வந்த இரவில் அதன் உதவியை மறுப்பதற்கில்லை. ஆனால் "கரை உடைந்துவிட்டது" என்று அனுப்பியவர் யார்? மறுநாள் உடையவில்லையென்று தெரிந்தால் யாரைக் கேட்பது? 1867-ம் வருஷத்துச் சட்டம் ஒவ்வொரு பத்திரிகையிலும் அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரைப் போடச் சொன்னது. அதற்குப் பதிலாக 2023-ல் நிறைவேறிய புதுச் சட்டம் மறு ஆண்டு மார்ச்சு முதல் அமுலில் இருக்கிறது. அந்நியர் சட்டத்தின் நோக்கம் பத்திரிகைகளை அடக்குவதாயினும், பெயர் போட்டு எழுதுகிற வழக்கத்தால் ஒரு நன்மை உண்டு. எழுதியவரைக் கடைத்தெருவிலே பிடித்துக் கேட்கலாம்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுவோம். நகைக்கடை, உரக்கடை, கல்யாண மண்டபம் இவற்றின் விளம்பரத்தை மட்டும் நம்பினால், கலப்பட உரத்தைப் பற்றி எழுதவேண்டிய வாரத்தில் பேனா தயங்கும். கட்சிக்காரர் பணம் போட்டாலோ, தேர்தல் முடிந்தவுடன் பத்திரிகையும் முடியும். ஆகையால் விளம்பரத்தோடு சிறு சந்தாவும் வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். மயிலாப்பூர் வழக்கப்படி முழுதும் இலவசமாகக் கொடுக்க இங்கே வியாபாரம் போதாது. நாலு பக்கம், வாரம் ஒரு முறை. தேரழுந்தூர், திருவாவடுதுறை, திருமணஞ்சேரி என்று ஊருக்கு ஒருவர் செய்தி அனுப்பினால் போதும். அச்சடிக்க மயிலாடுதுறைக்கோ கும்பகோணத்துக்கோ போய் வரலாம். முதல் இதழை மேட்டூர் திறக்கும் வாரத்தில் கொண்டுவந்து, முதல் பக்கத்தில் வாய்க்கால் வாரியாகத் தண்ணீர் வரும் நாட்களைப் போடட்டும்.