தோளில் தொங்கும் கமராப் பை: நமது கரைக்கு எது பொருந்தும்?

சமூகப் பணிக்குப் புகைப்படக் கருவி தேவை என்று நிதி கேட்டு எழுதப்படும் விண்ணப்பங்களைப் பார்த்தால், கமராவுக்கு ஒரு வரி இருக்கும், லென்சுக்கு ஒரு வரி இருக்கும், பற்றரிக்குக்கூட ஒரு வரி இருக்கும். பைக்கு இராது. கடைக்காரர் ஏதாவது ஒன்றை இலவசமாகத் தருவார் என்பது எண்ணம். கருவி வந்து இரண்டு மாரி கழிந்தபின் லென்சுக்குள் சிலந்தி இழைபோல வெள்ளை நூல்கள் ஓடியிருக்கும். பொத்தான்கள் இறுகியிருக்கும். பிறகு இன்னொரு விண்ணப்பம். கற்பிட்டிக் குடாநாட்டில் பள்ளிவாசல்துறை போன்ற கரையோரக் கிராமங்களில் பணி செய்வோருக்கு இது புதிய செய்தியல்ல. ஆகவே, கமராவைக் காவும் தோள்பை ஒன்றை எவ்வாறு மதிப்பிட்டுத் தெரிவது என்பதை இங்கு சற்று விரிவாகப் பார்ப்போம்.

கைத்தொலைபேசி இருக்கையில் கமரா எதற்கு என்று சிலர் கேட்பர். கூட்டத்தில் ஒரு படம் எடுக்கத் தொலைபேசி போதும். ஆனால் கரையில் நின்றுகொண்டு தொலைவில் வலை இழுக்கும் வள்ளத்தின் இலக்கத்தைப் பதிவுசெய்ய அது போதாது. 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, ஜூன் மாதத்தில் அமிழ்ந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து பிளாஸ்ரிக் மணிகள் மேற்குக் கரையில் வந்து ஒதுங்கியதை நாம் மறக்கவில்லை. இத்தகைய வேளைகளில் எந்தக் கரை, எந்த நாள், எவ்வளவு என்ற கேள்விகளுக்கு மறுமொழி சொல்லக்கூடியவை திகதியிட்ட தெளிவான படங்களே. கடலரிப்பும் அப்படித்தான். ஒரே தென்னையின் அருகில், ஒரே லென்சுடன், ஆண்டுக்கு இருமுறை எடுத்த படங்கள் பத்து ஆண்டுக்குத் தொடர்ந்தால், அதைவிட உறுதியான முறைப்பாடு வேறில்லை. அதற்கு அந்தக் கமரா பத்து ஆண்டு உயிரோடு இருக்கவேண்டும்.

பை விற்பவர்கள் முதலில் சொல்வது மெத்தையைப் பற்றி. "எவ்வளவு தடிப்பான ஸ்பொஞ் பாருங்கள், விழுந்தாலும் ஒன்றும் ஆகாது" என்பார்கள். விமான நிலையத்துக்கும் நகரத் தெருவுக்கும் அது சரியான பேச்சு. நமது கரையில் கமரா விழுந்து கெடுவதைவிட, ஒன்றும் நடவாமல் பைக்குள் சும்மா இருந்தபடியே கெடுவதுதான் அதிகம். இங்கே பகைவர்கள் இருவர்: ஒருவர் உப்பு, மற்றவர் ஈரம். தடித்த மெத்தை இந்த இருவருக்கும் வீடு கட்டிக் கொடுக்கிறது.

உப்பு எவ்வாறு வேலை செய்கிறது என்பதைப் புத்தளத்து மக்களுக்கு விளக்குவது எளிது. உப்பளத்தில் உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்பு நீரை வடித்து விடுவார்கள். அதில் மக்னீசியம் குளோரைட்டு முதலிய உப்புகள் தங்கியிருக்கும். சுத்தமான கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் சுமார் 75 வீதத்தைத் தாண்டினால்தான் கசியத் தொடங்கும். மக்னீசியம் குளோரைட்டோ 33 வீதத்திலேயே காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். கடல்நீரில் இரண்டும் கலந்தே இருக்கின்றன. ஆகவே அலைச்சாரல் பட்ட துணியை எவ்வளவு வெயிலில் போட்டாலும், மாலையில் அது மீண்டும் பிசுபிசுக்கும். இழைகளுக்குள் தங்கிய உப்பு இரவு முழுவதும் நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதற்கு மருந்து வெயில் அல்ல, நன்னீர். எனவே பையைப் பார்த்து நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி: இதைக் கிணற்று நீரில் அலசி, மறுநாட் காலைக்குள் காயவைக்க முடியுமா?

பல விலையுயர்ந்த பைகள் இந்தக் கேள்வியில் தோற்றுவிடுகின்றன. உள்மெத்தை துணியோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றமுடியாது. நனைந்தால் உள்ளே மூன்று நாள் ஈரம் நிற்கும். உட்பெட்டி தனியாகக் கழன்று வரும் பையே நமக்கு ஏற்றது. வாங்குமுன் உள்மெத்தையின் ஓரத்தைப் பிரித்துப் பார்க்கக் கேளுங்கள். துவாரங்கள் திறந்த சாதாரண ஸ்பொஞ் நீரை உறிஞ்சும். பாட்டாச் செருப்பின் அடியைப்போல மூடிய கண்ணறைகள் உள்ள மெத்தை நீரை உறிஞ்சாது. கடையில் நீர் கேட்கத் தயக்கமாக இருந்தால் விரலால் அழுத்திப் பார்க்கலாம். ஸ்பொஞ் உடனே அமுங்கிக் காற்றை விடும். மற்றது எதிர்த்து நிற்கும்.

ஈரத்தின் வேலை பூஞ்சணம். காற்றின் ஈரப்பதன் 60, 65 வீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால், தூசியோடு லென்சில் ஒட்டியிருக்கும் பூஞ்சண வித்துகள் முளைவிடும். இருட்டும், அசையாத காற்றும், தோலும் பருத்தியும் அதற்கு மிகவும் பிடிக்கும். மூடிய பை என்பது இவை எல்லாம் சேர்ந்த இடம். தொடக்கத்திலேயே கண்டால் துப்புரவு செய்யலாம். கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால் மீட்க வழியில்லை. ஆகவே பை காவுவதற்கு மட்டுமே. கமராவை வைத்திருப்பதற்கு அல்ல. வீடு திரும்பியதும் கருவியை வெளியே எடுத்து, துடைத்து, இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் மணிகளோடு வையுங்கள். வெறும் பையை, வாயைத் திறந்தபடி, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். சிலிக்கா ஜெல்லுக்குப் பதிலாக அரிசி போடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அரிசி ஈரத்தை மந்தமாகவே எடுக்கும்; அதன் மாவோ லென்சின் மூட்டுகளுக்குள் போகும். அதைச் சோறாக்குவதே மேல்.

இனி துணி. இன்று கடைகளில் அதிகம் கிடைப்பவை நைலோன் அல்லது பொலியெஸ்ரர் பைகள். பாரம் குறைவு, விரைவில் காயும். ஆனால் நீர் புகாதிருக்க அவற்றின் உட்புறத்தில் பூசப்படும் பொலியூரித்தேன் பூச்சு, வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாடுகளில் தானாகவே சிதையும். சில ஆண்டுகளில் கையில் ஒட்டும் பசையாகி, பின் செதில் செதிலாக உரியும். அந்தச் செதில்கள் போய்ச் சேரும் இடம் கமரா. பருத்தியாலான தடித்த கன்வஸ் பாரமானது. நனைந்தால் இன்னும் பாரம். ஆயினும் இழைகள் ஊதி நெருங்குவதால் சிறு மழையைத் தாங்கும். தேய்ந்தால் ஒட்டுப்போட்டுத் தைக்கலாம். தைக்கத் தெரிந்தவர் எந்தக் கிராமத்திலும் இருக்கிறார் என்பதால் என் தெரிவு கன்வஸே.

சிப் பற்றியும் ஒரு சொல். உலோகப் பற்கள் உள்ள சிப் உப்புக் காற்றில் பச்சை பிடித்து இறுகும். நைலோன் சுருட் சிப் நல்லது. ஆனால் அதிலும் ஓடும் தலை உலோகமாக இருக்கும். மாதம் ஒருமுறை நன்னீரில் கழுவி, கோவிலில் எரிந்து மிஞ்சும் மெழுகுதிரித் துண்டால் தேய்த்துவிட்டால் நெடுநாள் ஓடும். ஒட்டி உரிக்கும் வெல்குரோவை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மணலும் நூலும் அதில் அடைந்துகொள்ளும். அதைவிட, செபத்தின் நடுவிலோ, இழப்பைச் சொல்லி ஒரு தாய் அழும்போதோ அதை இழுத்துத் திறந்து பாருங்கள். வீடே திரும்பிப் பார்க்கும். கொளுக்கியோ வாரோ போட்டு மூடும் அகன்ற மடிப்பு மூடிதான் நமக்கு ஏற்றது. தலவில புனித அன்னம்மாள் திருவிழா வரும் ஆவணியில் கரையில் அடிக்கும் காற்றையும் மணலையும் அறிந்தவர்கள், மூடி மூன்று பக்கமும் கீழே இறங்கி மறைக்கவேண்டும் என்பதை ஒத்துக்கொள்வார்கள்.

இத்தகைய பை ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 'இன்குவாயரர்' நாளிதழின் படப்பிடிப்பாளர் ஜிம் டொம்கே, அன்றைய பெட்டி போன்ற விறைத்த பைகளால் சலித்து, மெத்தை குறைந்த கன்வஸ் பை ஒன்றை உருவாக்கினார். உடலோடு ஒட்டித் தொங்கும். கை நேரே உள்ளே போகும். தோள்நாடா பையின் அடியைச் சுற்றி வருவதால் பாரம் தையலில் தொங்காது. இங்கிலாந்தில் 1973இல் தொடங்கிய பில்லிங்ஹாம் நிறுவனத்தின் கதை இன்னும் சுவையானது. அவர்கள் முதலில் செய்தவை தூண்டிற்காரருக்கான மீன்பைகள். சில ஆண்டுகளின் பின்னரே நியூயோர்க்கில் படப்பிடிப்பாளர்கள் அந்த மீன்பைகளை வாங்கிக் கமரா காவுவதை அறிந்து, கமராப் பை தைக்கத் தொடங்கினார்கள். நமது மீனவர்கள் பனையோலை உமலில் மீன் கொண்டுவருவதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. நீரோடு பிழைப்பவரின் பை நீரைத் தேக்கி வைக்காது; கழுவினால் காயும்; ஒரு கையால் திறபடும். மேலே சொன்ன இரண்டு வெளிநாட்டுப் பைகளும் தரமானவைதான். ஆனால் அந்த விலைக்கு நமது சங்கங்கள் பல இரண்டாவது லென்சையே வாங்கிவிடும்.

பாரத்தைச் சோதிப்பது எளிது. கமரா, இரண்டு லென்ஸ், பற்றரிகள், குறிப்புப் புத்தகம், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் சேர்ந்தால் நான்கு கிலோவை எட்டும். பையில் நான்கு கிலோ அரிசியைப் போட்டு, தோளில் மாட்டி ஒரு மணி நேரம் மணலில் நடந்து பாருங்கள். நாடா இரண்டு அங்குலத்துக்குக் குறைந்தால் கழுத்தோரம் வெட்டும். மோட்டார் சைக்கிளில் குறுக்காக மாட்டலாம். வள்ளத்தில் ஒருபோதும் அப்படி மாட்டவேண்டாம். கவிழ்ந்தால் கமராவைவிட உங்கள் உயிர்தான் முதலில் போகும். களப்பைக் கடக்கும்போது பையை முழுதாக, திருகு மூடியுள்ள பிளாஸ்ரிக் பீப்பாவில் இறக்கி, பீப்பாவைக் கட்டி வையுங்கள். எந்தத் தோள்பையும் கடலில் விழுந்தால் தாங்காது, விளம்பரம் எதைச் சொன்னாலும்.

இன்னொரு விடயம் பையின் தோற்றம். போர்க்காலத்தில் பெரிய கறுப்புப் பையோடு சோதனைச் சாவடியைக் கடந்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும். போர் 2009இல் முடிந்தது. ஆனால் பெரிய பையைக் கண்டதும் வாடியில் பேச்சு நின்றுபோவது இன்றும் உண்டு. அதற்குக் காரணம் பயம் மட்டுமல்ல. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வந்து தங்கிய முகாம்களுக்கு எத்தனையோ பேர் கமராவோடு வந்து போனார்கள். "எங்களைப் படம் பிடிக்காத ஆளில்லை, எங்கள் கையில் ஒரு படமும் இல்லை" என்ற முறைப்பாட்டைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நிறுவனத்தின் சின்னம் பெரிதாக அச்சிட்ட பளபளப்பான பை, இந்த நினைவைத்தான் முதலில் கிளறும். மண்ணிறத்தில், சந்தைக்குப் போகும் பைபோல இருப்பது நல்லது. கள்ளருக்கும் அது கண்ணில் படாது. இது ஒளிந்து படமெடுப்பதற்கான யோசனை அல்ல. கமரா பைக்குள் இருக்க, முதலில் பேசி, சம்மதம் கேட்டு, பிறகு வெளியே எடுப்பதற்கான வசதி.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், பங்குகளில் நடக்கும் தையல் வகுப்புகளிலேயே இதைத் தைத்துவிடலாம். லொறிகளுக்குப் போடும் பருத்திப் படங்குத் துணி, இரண்டு அங்குலப் பருத்தி நாடா, மூடிய கண்ணறை மெத்தை, நைலோன் நூல் ஆகியவையே வேண்டும். உள்ளளவு நீளம் 12 அங்குலம், உயரம் 9, அகலம் 6 என்று வைத்தால் லென்ஸ் பூட்டியபடி ஒரு கமராவும் இன்னொரு லென்சும் அடங்கும். உங்கள் கருவி பெரிதானால் முதலில் அதை அளந்துகொள்ளுங்கள். நாடாவை அடியைச் சுற்றி ஒரே துண்டாக ஓட்டித் தைக்கவேண்டும். மூடி மூன்று பக்கமும் மூன்று அங்குலம் இறங்கட்டும். உட்பெட்டியைத் தனியாகச் செய்து, தைக்காமல் உள்ளே இறக்கிவிடுங்கள். முன்புறத்தில் இரண்டு சிறு உறைகள்: நிறைந்த மெமரி அட்டைக்கு ஒன்று, வெற்று அட்டைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே உறையில் போட்டால் ஒரு நாள் தவறான அட்டை அழிபடும்.

முதுகுப்புறத்தில், உடம்போடு ஒட்டும் பக்கத்தில், 7 அங்குல அகலத்தில் தட்டையான உறை ஒன்றும் வேண்டும். பொலித்தீனால் சுற்றிய மட்டை ஒன்றை அதற்குள் செருகினால் 6க்கு 4 அங்குல அச்சுப்படங்கள் வளையாமல் இருக்கும். போனமுறை எடுத்த படங்களை உரியவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு அது. கடைப் பைகளில் இந்த உறையை இதுவரை நான் கண்டதில்லை.