1 லட்சம் ரூபாய்க்கு ஒரு ஜெர்மன் பொம்மை: ஆசையா, முதலீடா?

"வெளிநாட்டு ஆன்லைன் ஏலத்துல 18-ம் நூற்றாண்டு ஜெர்மன் பீங்கான் பொம்மை வருது. முதலீடா வாங்கலாமா?" இது ஒரு நண்பர் கேட்ட கேள்வி. நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1710-ல தொடங்கின மைசென் ஆலைதான் ஐரோப்பாவோட முதல் பீங்கான் ஆலை. 1731-ல அங்க சேர்ந்த சிற்பி கெண்ட்லர், இத்தாலிய நாடகப் பாத்திரங்களைச் சின்னப் பொம்மைகளா செஞ்சார். பணக்கார வீட்டு விருந்து மேசையை அலங்கரிக்கத்தான் இந்தப் பொம்மைகள். அதுல பிரபலம் ஹார்லெக்வின். நம்ம தெருக்கூத்து கட்டியங்காரன் மாதிரி, சிரிக்க வைக்கிற வேலைக்காரன்.

அசலா? அடியில இருக்கிற குறுக்கு வாள் முத்திரையை மட்டும் நம்பாதீங்க. 19-ம் நூற்றாண்டுலேயே அதைப் பார்த்து நிறைய பேர் நகல் எடுத்தாங்க. மைசென் ஆலையே பழைய மாதிரிகளைப் பிற்காலத்துல திரும்பச் செஞ்சிருக்கு. ஒரு விரல் உடைஞ்சு ஒட்டியிருந்தாலும் விலை இறங்கும்.

கணக்கு என்ன? உதாரணத்துக்கு, 1,00,000 ரூபாய்க்கு வாங்கி, 10 வருஷம் கழிச்சு 1,80,000-க்கு விக்கிறீங்க. ஏலக் கமிஷன் 20% வச்சா 36,000 போச்சு. மீதி லாபம் 44,000. அதுக்கு 12.5% வரி, செஸ் சேர்த்து 5,720. கையில நிக்கிறது 1,38,280. அதாவது வருஷத்துக்கு சுமார் 3.3%தான்! இறக்குமதி வரி, கூரியர், இன்சூரன்ஸ் எதையும் நான் இன்னும் சேர்க்கவே இல்ல.

"வீட்டுப் பொருள்தானே, வரி எதுக்கு?" இங்கதான் பலர் தடுமாறுறாங்க. சொந்த உபயோகப் பொருளுக்கு மூலதன ஆதாய வரி கிடையாது, சரி. ஆனா நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருளுக்கு அந்த விலக்கு இல்ல. 24 மாசத்துக்குள்ள வித்தா, லாபம் உங்க ஸ்லாப் படி வரிக்கு வரும். அதனால பில்லைப் பத்திரமா வைங்க. இன்னொண்ணு, 100 வயசு தாண்டின கலைப்பொருளை நாட்டைவிட்டு வெளிய அனுப்ப 1972 தொல்பொருள் சட்டத்துல கட்டுப்பாடு இருக்கு. திரும்ப லண்டன்ல வித்துக்கலாம்னு சுலபமா நினைக்காதீங்க.

அப்போ சேகரிக்கவே கூடாதா? தாராளமா சேகரிங்க. ஆனா எமர்ஜென்சி ஃபண்ட், டெர்ம் இன்சூரன்ஸ், எஸ்ஐபி எல்லாம் போக மிஞ்சுற ஆசைப் பணத்துல. கண் பழகணும்னா கரிக்கலாம்பாக்கத்துல இருக்கிற நமக்கு வில்லியனூர் பக்கம்தானே! புவிசார் குறியீடு வாங்கின சுடுமண் கலை அங்க இருக்கு. அந்த மண்ணோட கலைஞர் வி.கே.முனுசாமி 2020-ல பத்மஸ்ரீ வாங்கினவர். செஞ்சவர்கிட்டயே நேரா வாங்கினா அசலான்னு சந்தேகமே வராது.

பிடிச்சிருந்தா வாங்குங்க. விலை ஏறும்னு மட்டும் வாங்காதீங்க.