இம்போர்ட் வரிகளுக்கு ஓர் இன்டர்லாக்கிங்

நம் அன்பர்களின் பிள்ளைகள் பலர் மென்பொருள் துறையில் இருக்கிறார்கள். இரவு பத்து மணிக்குக் கணிப்பொறி முன் அமர்ந்து "லின்ட் பாஸ் ஆகவில்லை" என்று அவர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். ஜீவனஹள்ளி வீட்டில் என் மகனிடம் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். டிப்ளமோ படித்து, ரயில்வே சிக்னல் பிரிவில் காலம் தள்ளியவன் புரிந்துகொண்ட விதம் இது.

லின்ட் என்றால் துணியில் ஒட்டும் பஞ்சுத் தூசி. 1978-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன், நிரல்களில் ஒட்டியிருக்கும் சில்லறைத் தவறுகளைப் பொறுக்கும் கருவிக்கு இப்பெயரை வைத்தார்.

ஒரு நிரல் வேறிடத்தில் எழுதப்பட்ட பகுதிகளை இரவல் வாங்கும். அதைத் தலைப்பிலேயே அறிவிப்பவை இம்போர்ட் வரிகள். உதாரணமாக, 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தான் மொழியிடம் கேட்டால் ஐந்து என்கும். புள்ளியையும் இகரக் குறியையும் தனியே எண்ணிவிடும். ஓபன்-தமிழ் என்ற நூலகத்தை இம்போர்ட் செய்தால் மூன்றெழுத்து என்று சரியாகச் சொல்ல வைக்கலாம்.

பைத்தானின் உடன்பிறந்தவை முதலில், ஓபன்-தமிழ் போன்ற வெளியார் அடுத்து, நம் சொந்தக் கோப்புகள் கடைசியில், இடையே ஒரு வெற்று வரி. இது 2001-ல் வந்த பெப்-8 என்னும் நடைமுறை ஏடு சொல்வது. அகர வரிசையும் சேர்ந்தால், இருவர் ஒரே கோப்பின் கடைசி வரியில் புதிது சேர்த்து முட்டிக்கொள்வது குறையும். எதெல்லாம் வெளியிலிருந்து வருகிறது என்பதும் ஒரே பார்வையில் தெரியும்.

ஆனால் ஏட்டில் இருந்தால் போதுமா? பாயின்ட்டைச் சரியாக வைத்த பிறகே சிக்னலை இறக்கு என்று எங்கள் ரூல் புத்தகமும்தான் சொல்லிற்று. அதை மட்டும் நம்பி யாரும் ரயில் விடவில்லை. பாயின்ட் சரியாக இல்லாவிட்டால் லீவரே அசையாதபடி இன்டர்லாக்கிங் செய்தோம். பைத்தானுக்கு ஐசார்ட், 2022-ல் வந்த ரஃப், ஜாவாஸ்கிரிப்டுக்கு ஈஎஸ்லின்ட் ஆகியவை அந்த லீவர் பூட்டுகள். வரிசை பிசகினால் மூல நிரலோடு சேரவிடாமல் தடுக்கும்படி அமைத்துவிடலாம். பெரியவர் சிறியவர் என்ற மனத்தாங்கலுக்கு இடமில்லை; கோபம் வந்தால் இயந்திரத்தின் மேல்தான்!

இதில் ஒரு வம்பும் உண்டு. மகன் ஒருமுறை "பயன்படாத இம்போர்ட்டை நீக்கு" என்ற விதியைத் தானாகத் திருத்த விட்டான். நீங்கிய வரிகளில் ஒன்றின் பெயரை யாரும் எங்கும் எடுத்தாளவில்லை என்பது மெய்தான். ஆனால் ஏற்றப்பட்டவுடன் ஓர் அறிக்கை வகையைப் பதிவு செய்வதே அதன் வேலை! மறுநாள் காலை அந்த அறிக்கை வரவில்லை. மதியம் வரை பிள்ளை சாப்பிடவில்லை.

அத்தகைய வரியின் ஓரத்தில் 'நோகியூஏ' என்று குறித்து, காரணமும் எழுதிவிட்டால் கருவி அதைத் தொடாது. எங்களிடமும் அவசர விடுவிப்புப் பொத்தானை அழுத்தினால் கவுன்டரில் ஓர் எண் கூடும். பதிவேட்டில் காரணம் எழுதியாக வேண்டும்.

வரிசைப்படுத்துவதைக் கருவியிடம் விடலாம்; நீக்குவதைக் கண்ணால் பார்த்தே செய்ய வேண்டும் என்பது என் கட்சி. பழைய நிரலில் முதன்முறை வரிசைப்படுத்தும்போது ஏற்றப்படும் முறையும் மாறக்கூடும் என்பதால், அன்று வேறெந்த வேலையையும் அதோடு கலக்காமல், சோதனைகளை ஓட்டிப் பார்த்துவிட்டே சேர்ப்பது என்று மகனும் இப்போது வைத்திருக்கிறான்.