உள்நோக்கித் திரும்பும் கீழிமை: முதுமையில் வரும் குறையும் அதன் சீரமைப்பும்

கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது, நீர் வடிந்துகொண்டே இருக்கிறது என்று முதியோர் பலர் கூறுவதுண்டு. வயதானால் அப்படித்தான் என்று வீட்டிலுள்ளோரும் விட்டுவிடுகின்றனர். சிலருக்கு இவ்வுறுத்தலின் காரணம் இமையில் உள்ளது. கீழிமையின் விளிம்பு உட்புறமாக மடிந்துவிடுவதால், இமைமயிர்கள் விழியின்மேல் உராய்கின்றன. மருத்துவர்கள் இதனை என்ட்ரோபியன் என்பர்.

இமை ஏன் மடிகிறது?

கீழிமை, இரு முனைகளிலும் கட்டிய தூளியைப் போன்றது. மூக்கோரத்திலும் காதோரத்திலும் உள்ள தசைநாண்கள் அதனை இழுத்துப் பிடித்துள்ளன. இமையின் அடிப்பகுதியைக் கீழ்நோக்கிப் பிடித்து நிறுத்தும் மெல்லிய திசு ஒன்றும் உண்டு. வயது ஏற ஏற இவை தளர்கின்றன. அப்போது கண்ணை மூட உதவும் வட்டத்தசை விளிம்பை நோக்கி மேலேறி, இமையை உள்ளே தள்ளுகிறது.

அதன்பின் இமைக்குந்தோறும் மயிர்கள் கருவிழியைச் சுரண்டுகின்றன. அக்கீறலில் கிருமி தொற்றினால் புண் உண்டாகும். புண் ஆறியபின் எஞ்சும் தழும்பு பார்வையை நிலையாக மங்கச் செய்யலாம். கண்புரை அறுவைக்குக் காத்திருப்போருக்கு இமையை முதலில் சீராக்குவதே வழக்கம். அது தொற்றின் அபாயத்தைக் குறைக்கும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

தொடக்கத்தில் இமை சில வேளைகளில் மட்டுமே மடியும். மருத்துவர்முன் அமரும்போது இயல்பாகவே தோன்றலாம். ஆகவே மடிந்திருக்கும் நேரத்தில் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைப்பது பயன்தரும். மருத்துவரும் கண்ணை இறுக மூடித் திறக்கச் சொல்லிச் சோதிப்பார்.

உறுத்தும் மயிரைப் பிடுங்குவது தீர்வன்று. அது சில வாரங்களில் மீண்டும் முளைக்கும். முளைக்கும் குறுமயிர் முன்னிலும் கூர்மையாகக் குத்தும். மயிர் தன் இடத்தில்தான் உள்ளது. இமைதான் இடம் மாறியுள்ளது. சொட்டு மருந்தும் களிம்பும் கருவிழியைக் காக்கும். இமையைக் கன்னத்தை நோக்கி இழுத்து ஒட்டும் பிளாஸ்திரியும் தற்காலிகமாக உதவும். நிலையான பயன் தருவது அறுவை மருத்துவமே.

அறுவையில் என்ன செய்யப்படுகிறது?

பெரும்பாலும் இமை மரத்துப்போக ஊசியிட்டே இது செய்யப்படுகிறது. வழக்கமாக ஒரு மணி நேரத்திற்குள் முடிந்து, அன்றே வீடு திரும்பலாம். தளர்ந்த இமையின் வெளிமுனையைச் சற்றே குறுக்கி, விழிக்குழியின் எலும்போரத்தில் இறுக்கித் தைப்பர். பிடி தளர்ந்த திசுவை மீண்டும் இமையின் அடியோடு இணைப்பர். உடல் மிகவும் நலிந்தோருக்கு, இமையை வெளிப்புறம் திருப்பும் தையல்களை மட்டும் இடுவதுண்டு. அது சில நிமிடங்களில் முடியும். எனினும் குறை திரும்பும் வாய்ப்பு அதில் மிகுதி.

இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மருத்துவர் சொல்லாமல் தாமாக நிறுத்தக் கூடாது.

அறுவைக்குப் பின்

வீக்கமும் கன்றிய நீலநிறமும் ஓரிரு வாரங்களில் வடியும். முதல் இரண்டு நாள் குளிர்ந்த ஒத்தடமும், தலையை உயர்த்திப் படுப்பதும் நன்று. கண்ணைக் கசக்கலாகாது. களிம்பைச் சொன்ன நாள்வரை இட வேண்டும். தானே கரையாத தையல்களை ஏறத்தாழ ஒரு வாரத்தில் அகற்றுவர்.

சிலருக்கு இமை மீண்டும் மடியலாம்; அரிதாக வெளிப்புறம் சற்றே திரும்பலாம். இவற்றையும் சரிசெய்ய இயலும். ஆனால் கடும் வலி, பார்வை திடீரென மங்குதல், கண் பிதுங்குதல், அழுத்திப் பிடித்தும் நிற்காத குருதி, சீழ் ஆகியவற்றில் எது தோன்றினாலும், இரவானாலும் காத்திராமல் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

உங்கள் வீட்டு முதியவரின் கண் அடிக்கடி சிவந்து நீர் வடிகிறதா? பகல் வெளிச்சத்தில் கீழிமையை உற்று நோக்குங்கள். இமைமயிர்கள் வெளியே தெரியாமல் உள்ளே மறைந்திருந்தால், கருவிழி புண்ணாகும் முன்னரே கண் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.