வளவும் நல்ல தண்ணீரும்

யாழ்ப்பாணத்திலே ஒருவர் வீடோ காணியோ வாங்கப் புறப்பட்டால், அவர் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். தண்ணீரை அள்ளி வாயிலிட்டுப் பார்த்து, "நல்ல தண்ணீர்" என்று தலையசைத்த பின்னரே மற்றப் பேச்சுத் தொடங்கும். உவர்நீர்க் கிணறுள்ள வளவு எவ்வளவு பரந்ததாயினும் அதன் மதிப்புக் குறைவே. ஆயினும், அந்த நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகின்றது, வளவிலே நிற்கும் மரஞ்செடிகளுக்கும் அதற்கும் உள்ள உறவு யாது என்பவற்றைச் சிந்திப்போர் சிலரே.

குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மண்ணுக்குக் கீழே பரந்து கிடப்பது வெடிப்புகளும் புழைகளும் நிறைந்த சுண்ணக்கற் பாறை. ஆண்டொன்றுக்குப் பெய்யும் ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழையிற் பெரும்பகுதி, ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையுள்ள மாரிகாலத்திலேயே பெய்து விடுகின்றது. அதில் மண்ணுள் இறங்கும் பங்கு பாறையிடுக்குகளிலே தங்குகின்றது. கடலும் கடனீரேரியும் சூழ்ந்த நிலமாதலால் பாறையின் அடியிலே உவர்நீர் நிற்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் பாரங் குறைந்தது. ஆகையால் அது உவர்நீரின் மேலே மிதக்கின்றது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கூடான சான்று. அதன் மேல்நீர் நன்னீர். ஆழஞ் செல்லச் செல்ல உவர்ப்பு மிகுகின்றது.

இந்த மிதப்பிலே ஒரு கணக்கு உண்டு. நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் நிற்கும் என்பது நீரியலார் கூறும் பொது விதி. இதனையே மறுபுறமாக நோக்கினால் அச்சம் தோன்றும். மேல்மட்டம் 1 அடி தாழ்ந்து, மீண்டும் நிரம்பாமல் அந்நிலையிலேயே நீடிக்குமாயின், அடியிலுள்ள உவர்நீர் 40 அடி மேலெழும். கிணற்றிலே கண்ணுக்குத் தெரியும் இழப்புச் சிறிது. காணாத இடத்திலே நிகழும் இழப்போ பெரிது. ஒருமுறை உவர்த்துப்போன கிணறு நல்ல தண்ணீர்க் கிணறாக மீள்வதற்குப் பல மாரிகள் வேண்டியிருக்கும்.

முன்னோர் இந்த விதியைப் படித்தவரல்லர். ஆனால் அவர்கள் அமைத்த வளவு இதற்கு இசைந்திருந்தது. மாரி தொடங்கும் வேளையிலே கிளுவையும் பூவரசும் கதியால்களாக நடப்பட்டு வேலியாயின. வேலியிலே மழைக்காலத்தில் முசுட்டையும் தூதுவளையும் முடக்கொத்தானும் படர்ந்து, கறிக்கும் மருந்துக்கும் உதவின. கதியாலின் குழை ஆட்டுக்கும், எஞ்சியது தோட்டத்துக்குப் பசளையாகவும் சென்றது. உக்கிய பனையோலையும் மண்ணுக்குள்ளேயே தாழ்க்கப்பட்டது. குளித்த தண்ணீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் தென்னைக்கும் ஓடிற்று. ஒரே வாளித் தண்ணீர் இருமுறை பயன்பட்டது.

அக்காலத்தில் நீர் இறைக்கத் துலா இருந்தது. துலா மிதிப்பவனின் களைப்பே இறைப்புக்கு ஓர் எல்லையாயிற்று. 1950ஆம் ஆண்டுகளின் பின்னர் இறைப்பு இயந்திரங்கள் பரவவே அந்த எல்லை நீங்கியது. இன்று ஆழியைத் தட்டினால் தண்ணீர் பாய்கின்றது. முற்றத்துக்குச் சீமெந்துக் கல் பதித்து, எஞ்சிய இடத்திலே புற்றரை வளர்ப்பது நாகரிகமாகி விட்டது. கல் பதித்த முற்றத்திலே விழும் மழை மண்ணுள் இறங்காது தெருவுக்கு ஓடுகின்றது. புற்றரையோ, வறண்ட காலத்திலே பசுமை குன்றாதிருக்கச் சதுர மீற்றர் ஒன்றுக்கு நாள்தோறும் ஏறக்குறைய 5 லீற்றர் நீரை வேண்டுகின்றது. 100 சதுர மீற்றர்ப் புல்லுக்கு 500 லீற்றர்! வரவைத் தடுத்துச் செலவைப் பெருக்கும் குடும்பம் நெடுநாள் நிலைப்பதில்லை; கிணற்றுக்கும் அதுவே நியதி.

இந்நிலத்துக்குரிய செடிகள் கோடையைத் தாங்கும் வழியைத் தம்மிடமே கொண்டுள்ளன. கிளுவை வறட்சி வந்ததும் இலையை உதிர்த்து, மழை கண்டதும் தளிர்க்கின்றது. கார்த்திகைப்பூச் செடி கோடையிலே கொடியைத் துறந்து கிழங்காக மண்ணுள் உறங்கி, மாரியிலே எழுந்து மலர்கின்றது. (அதன் கிழங்கு கொடிய நஞ்சாதலின், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்திலேயே அதனை வளர்த்தல் வேண்டும்.) கொன்றை வெயில் உக்கிரமான காலத்திலேயே பொன்னிறப் பூங்கொத்துகளைத் தொங்கவிடுகின்றது. ஆவாரை மணற்பாங்கான வெறுநிலத்திலும் மஞ்சளாகப் பூக்கும். பூவரசு கடற்காற்றின் உப்பையும் பொறுக்கும். வேம்பு நிழலும், நொச்சி வேது பிடிக்க இலையும் தரும். இவற்றை நாடித் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வருவதால், அயலிலுள்ள கறித்தோட்டமும் நன்கு காய்க்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். நாட்டுச் செடியாயினும் வேர் ஊன்றும் முதலாண்டிலே அதற்குத் தண்ணீர் வேண்டும். மாரித் தொடக்கத்திலே நட்டால் அச்சுமையின் பெரும்பங்கை மழையே ஏற்றுக்கொள்ளும். அடுத்து, வறட்சியைத் தாங்குவன யாவும் நண்பர்களல்ல. சீமைக் கருவேல் 1950ஆம் ஆண்டுகளிலே, உவர்நிலத்தைத் திருத்தும் நோக்குடன் அம்பாந்தோட்டைப் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அது பூந்தல தேசியப் பூங்காவிலே புதராக மண்டி, அங்குள்ள இயற்கைச் செடிகளை நெருக்குகின்றது. வந்த செடியின் வலிமையை மட்டும் பார்த்து வளவுக்குள் விடுதல் தகாது.

பூசைக்குச் செவ்வரத்தையும் மல்லிகையும் வேண்டாமா என்று சிலர் வினவலாம். வேண்டும், அவற்றைக் கைவிட வேண்டியதில்லை. நீரை விரும்பும் செடிகளைக் கிணற்றடியிலும் குளிக்குமிடத்தின் வாய்க்காலோரத்திலும் ஒன்றாக நட்டு, நீர் வேண்டாதவற்றை அப்பால் வைத்தலே முறை. சவர்க்கார நீரைக் கீரைப்பாத்திக்கு விடாது வாழைக்கு விடலாம். செடியின் அடியைச் சருகினால் நான்கு விரல் கனத்துக்கு மூடினால், வெயில் ஈரத்தை எளிதிற் குடிக்காது. சருகை எரிப்பவர் பசளையையும் ஈரத்தையும் ஒருங்கே எரிக்கின்றார். நண்பகலில் விடும் நீரிலும் காலையிலோ மாலையிலோ விடும் நீர் செடிக்கு மிகுதியாகச் சேரும்.

வரவைப் பெருக்கும் வழியும் வளவிலேயே உண்டு. 1,000 சதுர அடிக் கூரையில் 1 அங்குல மழை பெய்தால், ஏறக்குறைய 2,300 லீற்றர் நீர் கிடைக்கும். அதைத் தெருவுக்கு விடாமல், சல்லி நிரப்பிய குழியொன்றுக்கோ மரங்களின் பாத்திக்கோ திருப்பிவிட்டால் அது நிலத்தடியைச் சேரும். அக்குழி மலசலகூடத்துக்குத் தொலைவிலே அமைதல் வேண்டும். சுண்ணக்கல்லின் வெடிப்புகள் நல்லதையும் கெட்டதையும் ஒருங்கே உள்ளே விடுவன. செயற்கைப் பசளையும் அவ்வழியே இறங்குகின்றது. வலிகாமத்திலே நடத்தப்பட்ட ஆய்வுகளில், தோட்டக் கிணறுகள் பலவற்றின் நைத்திரேற்று அளவு, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்திருந்தது. அத்தகைய நீரிலே பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். குழையும் கூட்டெருவும் உண்டு வளரும் நாட்டுச் செடிக்கு அப்பசளை தேவையே இல்லை.

குடாநாட்டின் நீரைப் பெரிதும் இறைப்பது பயிர்ச்செய்கை. வீட்டு வளவு மட்டும் திருந்தினால் நிலத்தடி நீர் முற்றும் காப்பாற்றப்படும் என்று கூறுதல் மிகையாகும். எனினும், எவரையும் கேளாமல் வீட்டுக்காரர் தாமாகவே திருத்தக்கூடிய இடம் வளவுதான்.

யாழ்ப்பாணத்திலே ஒரு கதியால் ஒரு சாண் தள்ளி நடப்பட்டதற்காக நீதிமன்றம் வரை சென்ற அயலவர் உண்டு. அவ்வேலி நிலத்தின் மேலேதான் நிற்கின்றது. கீழே, பாறை வெடிப்புகளின் வழியே, வழக்காடிய இருவரின் கிணறுகளுக்கும் வருவது ஒரே தண்ணீர். ஒருவர் அளவின்றி இறைத்தால் மற்றவரின் கிணறும் உவர்க்கும். ஒருவர் மழையை மண்ணுக்குள் விட்டால் மற்றவரின் வீட்டிலும் தேநீர் இனிக்கும். அடுத்த மாரிக்கு முன் கதியால் வெட்டும்போது இதனை நினைவிற் கொள்வது இரு வளவுகளுக்கும் நன்மை தரும்.