எழுதாத நூலுக்கு ஆசிரியர்

மொழியியல் படிப்பவர்கள் தாண்டிப் போக முடியாத நூல் ஒன்று 1916ஆம் ஆண்டு வெளிவந்தது. பெயர், 'பொது மொழியியல் பாடம்'. ஆசிரியர், பெர்டினாண்ட் டி சசூர். ஆனால் அந்த நூலை அவர் எழுதவில்லை. அது அச்சேறியபோது அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன!

யார் இந்தச் சசூர்? 1857இல் சுவிட்சர்லாந்தின் ஜெனிவா நகரில் பிறந்தவர். சமஸ்கிருத இலக்கணத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். 21 வயதிலேயே ஐரோப்பிய அறிஞர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தார். இந்தோ ஐரோப்பிய மூலமொழியில் சில ஒலிகள் இருந்து மறைந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டதுபோல் சொன்னார். அன்று பலர் அதை நம்பவில்லை. 1927இல் போலந்து அறிஞர் குரிலோவிச், பழைய இட்டைட்டு மொழியில் அந்த ஒலிகளின் சுவடு இருப்பதைக் காட்டினார். அதைக் காண சசூர் உயிரோடு இல்லை.

அவருடைய முக்கியமான கருத்து மிக எளிமையானது. சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையான உறவு எதுவும் இல்லை என்றார். நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. ஏ, ஐ, ஆர் என்ற மூன்று எழுத்துகளை மலாயில் படித்தால் தண்ணீர். அதையே ஆங்கிலத்தில் படித்தால் காற்று. பழகிய சமூகம் ஒப்புக்கொண்டதுதான் பொருள்.

அடுத்தது இன்னும் சுவையானது. ஒரு சொல்லின் மதிப்பை அதன் பக்கத்துச் சொற்களே முடிவு செய்கின்றன என்றார் அவர். தமிழில் 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்த்தி. 'நாங்கள்' என்றால் அவர் சேர்த்தி இல்லை. மலாயில் 'கித்தா', 'காமி' என்பதும் அப்படித்தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வீ' ஒன்றுதான். ஆகவே 'வீ' என்பதும் 'நாம்' என்பதும் ஒன்றல்ல. சதுரங்கத்தை அவர் உவமை காட்டினார். குதிரை தொலைந்தால் ஒரு போத்தல் மூடியை வைத்தும் ஆடலாம். காய் எதனால் செய்யப்பட்டது என்பது முக்கியமில்லை, ஆட்டத்தில் அதற்குள்ள இடமே முக்கியம்.

இவற்றையெல்லாம் 1907 முதல் 1911 வரை ஜெனிவா பல்கலைக்கழகத்தில் மூன்று முறை பாடமாக நடத்தினார். கேட்டவர்கள் சொற்ப மாணவர்களே. 1913இல் அவர் காலமானதும், பல்லி, செசஹே என்ற இரு சக ஆசிரியர்கள் அவருடைய குறிப்புகளைத் தேடினார்கள். பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் குறிப்பைக் கிழித்துப் போடுவது அவர் வழக்கமாம்! எனவே மாணவர்களின் நோட்டுப் புத்தகங்களை வாங்கி, ஒட்டிச் சேர்த்து நூலாக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், இவ்விருவரும் அந்த வகுப்புகளில் உட்கார்ந்தவர்கள் அல்லர்.

அங்கேதான் சிக்கல். மொழியை மொழிக்காகவே ஆராய வேண்டும் என்று முழங்கும் அந்நூலின் கடைசி வாக்கியம் எந்த மாணவரின் குறிப்பிலும் இல்லை என்று பின்னாளில் தெரிந்தது. பதிப்பாசிரியர்களே சேர்த்ததாம். அதற்காக அவர்களைக் குறை சொல்வதும் நியாயமாகாது. அவர்கள் இல்லையென்றால் சசூரின் சிந்தனை இவ்வளவு தூரம் பரவியிருக்காது.

1996இல் ஜெனிவாவில் சசூர் குடும்ப மாளிகையை ஒட்டிய செடி வளர்க்கும் கட்டடத்தில் அவருடைய கையெழுத்துத் தாள்கள் கிடைத்தன. 2002இல் அவை நூலாகவும் வந்தன. அன்று முதல் ஆய்வாளர்கள் இரண்டு நூல்களையும் அருகருகே வைத்து, எது ஆசிரியர் சொன்னது, எது பதிப்பித்தவர்கள் சேர்த்தது என்று வரி வரியாக ஒப்பிட்டு வருகிறார்கள்.